மாத்திரை சாப்பிடும்போதே ரத்தம் பட்டால்: எண்டோமெட்ரியோசிஸ் ஹார்மோன் சிகிச்சையில் எதைப் பார்ப்பது, என்ன செய்வது

டைனோஜெஸ்ட் மாத்திரை ஆரம்பித்த 19ஆம் நாள் இரவு, உள்ளாடையில் காப்பி டிகாக்‌ஷன் சிந்திய மாதிரி ஒரு கறை. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். அதனால் இடது சினைப்பையில் 5 சென்டிமீட்டர் சாக்லேட் கட்டி, அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி, இருந்தது. "இதைச் சாப்பிட்டால் பீரியட்ஸ் நின்றுவிடும், வலியும் அடங்கும்" என்று மருத்துவர் சொன்னதை நம்பித்தான் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். கறையைப் பார்த்ததும் மருந்து எனக்கு ஒத்துவரவில்லை என்று நானே முடிவு கட்டி, மறுநாளே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் நல்ல சிவப்பாக, கட்டி கட்டியாக, தொடை வரை இழுக்கும் பழைய வலியோடு போக ஆரம்பித்தது. திரும்பப் போனபோது மருத்துவர் சொன்னார்: "அந்தக் கறை மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததால் வந்ததும்மா. இந்தப் போக்கு, நீங்க மருந்தை நிறுத்தியதால் வந்தது."

நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த நோயோடு சில வருடங்களாக இருப்பவள். என்னைப் போல மாத்திரையைத் தூக்கி வைத்துவிட்டு வலியில் சுருண்ட பெண்களையும், அதற்கு நேர்மாறாக, ஆபத்தான ரத்தப்போக்கை "மருந்தின் வேலைதான்" என்று பொறுத்துக்கொண்டே இருந்தவர்களையும் பார்த்துவிட்டேன். இரண்டும் நடக்கக் கூடாது. அதனால்தான் இதை நிலைமை வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதைப் படியுங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நிலைமைகள்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைகிறது, இரண்டு மணி நேரமாக இப்படியே இருக்கிறது என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் திரும்பத் திரும்ப விழுவதும், எழுந்தால் கண் இருட்டுவது, நெஞ்சு படபடப்பது, கை கால் சில்லிடுவது போன்றவையும் அதே ரகம்தான்.

ரத்தம் கொஞ்சமாக இருந்தாலும், அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் போய்விடுங்கள். அதோடு வாந்தி இருந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். தாமதித்தால் அந்தச் சினைப்பையையே இழக்க நேரும். தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், கர்ப்பப் பரிசோதனையில் இரண்டு கோடு என்றால் குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று அவசரமாகப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்திருந்தால் தொற்று. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அது ரத்தக்கட்டாக இருக்கலாம். கையில் வண்டி இல்லையென்றால் 108.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

நம் ஊரில் "நீர்க்கட்டி" என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். பிசிஓடி என்பதும் நீர்க்கட்டி, மாதச் சுழற்சியில் தானாக வந்து தானாகக் கரையும் சாதாரணக் கட்டியும் நீர்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸால் வரும் சாக்லேட் கட்டியும் நீர்க்கட்டி. மூன்றும் வேறு வேறு. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிசிஓடிக்குக் கொடுத்த மாத்திரையில் மாதாமாதம் பீரியட்ஸ் வருவதுதான் சரி. சாக்லேட் கட்டிக்குத் தொடர்ந்து சாப்பிடும் மாத்திரையில் அது வராமல் இருப்பதுதான் நோக்கம். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்தக் கட்டி என்று எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொருவர் அனுபவத்தோடு ஒப்பிடாதீர்கள்.

இன்னொன்று. ரத்தம் பட்டதும் "கட்டி உடைந்துவிட்டது" என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். சாக்லேட் கட்டிக்குள் இருப்பது பழைய ரத்தம்தான். ஆனால் கட்டி உடைந்தால் அது வயிற்றுக்குள்தான் கொட்டும்; கடும் வலியாகத் தெரியும். உள்ளாடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கருப்பையின் உள்சவ்விலிருந்து வருவது.

நிலைமை 1: ஆரம்பித்து மூன்று மாதம் ஆகவில்லை, பழுப்பாகவோ லேசான சிவப்பாகவோ படுகிறது

டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் சாப்பிடுபவர்களிடம் மிக அதிகமாகக் காண்பது இதுதான். இந்த மருந்து புரோஜெஸ்டின் வகை, அதாவது உடம்பில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் போல வேலை செய்வது. கருப்பையின் உள்சவ்வை மாதக்கணக்கில் மெல்லியதாக்கும். அந்தச் சவ்வில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இந்த மாற்றத்தின்போது எளிதில் கசியும். சுவரில் புது வெள்ளை அடிக்குமுன் பழைய சுண்ணாம்பு உதிர்வது போல, கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். மெதுவாக வெளியே வரும் ரத்தம் வழியிலேயே பழையதாகி, காப்பித்தூள் நிறத்துக்கு மாறிவிடும்.

மருந்தின் அதிகாரப்பூர்வத் தகவல் குறிப்பில் இருக்கும் எண்கள் எனக்கு மிகப் பெரிய ஆறுதலாக இருந்தன. முதல் 90 நாளில் நீண்ட நாள் ரத்தம் படுவது சுமார் 38% பேருக்கு. சுத்தமாக நின்றுபோனது 2 சதவீதம் பேருக்குக்கூட இல்லை. பத்தாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரையான காலத்தில் நீண்ட நாள் படுவது 4 சதவீதமாகக் குறைந்து, சுத்தமாக நின்றவர்கள் 28 சதவீதமாகிவிட்டார்கள். அதாவது முதல் மாதத்திலேயே நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. ஒரு வருடம் ஆன பிறகும் எப்போதாவது லேசாகப் படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அளவுகோல் வலியும் கட்டியின் அளவும்தான். கறை இல்லை.

செய்ய வேண்டியது: மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டாகவும் சாப்பிடாதீர்கள். இரண்டு மாத்திரை போட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்கும் என்று ஒரு பேச்சு உண்டு. மருத்துவர் சொல்லாமல் அதைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். அப்புறம், குறித்து வையுங்கள்.

குறிப்பது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. அதே கட்டத்தின் கீழ் மூலையில் எனக்கு ஒரு புள்ளி. கறை மட்டும் என்றால் ஒரு புள்ளி, நாப்கின் வைக்க வேண்டியிருந்தால் இரண்டு, நாளைக்கு நான்கு முறைக்கு மேல் மாற்றினால் மூன்று. வலி இருந்தால் அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம். மாத்திரை மறந்த நாளில் "ம". மூன்று மாதத் தாளைக் கிழித்துக் கொண்டுபோய் மருத்துவரிடம் நீட்டினேன். அரை நிமிடத்தில் புரிந்துகொண்டார். "அடிக்கடி படுதுங்க டாக்டர்" என்று வாயால் சொன்ன காலத்தில் அது நடக்கவில்லை.

நிலைமை 2: மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை, இப்போது திடீரென்று வந்துவிட்டது

இங்கேதான் நிதானமாகத் தேட வேண்டும். நின்றது மறுபடி வருகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

மாத்திரை தவறியதா? மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். கல்யாணம், ஊர்ப் பயணம், ராத்திரி பஸ் என்று ஒரு நாள் விட்டுப்போனாலும் சிலருக்கு இரண்டு மூன்று நாளில் ரத்தம் காட்டிவிடும். டைனோஜெஸ்ட் தவறினால், ஞாபகம் வந்ததும் ஒன்றே ஒன்று சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். விட்டுப்போன எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்ததா? மாத்திரை சாப்பிட்ட 3–4 மணி நேரத்துக்குள் வந்திருந்தால், அந்த மாத்திரை உடம்பில் சேராமல் போயிருக்கலாம். அதற்கு ஈடாக இன்னொன்று சாப்பிட வேண்டும்.

புது மருந்து ஏதாவது ஆரம்பித்தீர்களா? காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபைன், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டல் ஆகியவை கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோனைச் சீக்கிரம் சிதைத்துவிடும். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டாலும் உடம்பில் மருந்து போதாமல் போகும். காசநோய் நம்மிடையே அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: நெஞ்சு மருத்துவரிடம் ஹார்மோன் மாத்திரையைப் பற்றியும், மகப்பேறு மருத்துவரிடம் காசநோய் மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். இரண்டு சீட்டும் இரண்டு பைகளில் இருந்தால் யாருக்கும் தெரியாது. எக்காரணம் கொண்டும் காசநோய் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாற்ற வேண்டியது ஹார்மோன் சிகிச்சையைத்தான். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். அதை ரத்தம் என்று எண்ணிப் பயந்தவர்களும் உண்டு.

கர்ப்பமாக இருக்குமா? டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் மட்டும் சாப்பிடும்போது பெரும்பாலும் கருமுட்டை வெளிவராது. ஆனாலும் அது கருத்தடை மாத்திரையாக அங்கீகரிக்கப்பட்டது இல்லை. இது பல பேருக்குச் சொல்லப்படுவதில்லை. குழந்தை இப்போது வேண்டாம் என்றால் ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத பாதுகாப்பு வேண்டும். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையில் சோதனை அட்டை வாங்கி வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பீரியட்ஸ் வராத சிகிச்சையில் "நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்று கணக்குப் பார்க்க வழியில்லை, அதனால் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

இந்த நான்கிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஸ்கேன் பார்க்க வேண்டிய நேரம். பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி, நார்த்திசுக்கட்டி, புதிதாக ஒரு கட்டி, தைராய்டு என்று காரணங்கள் பல இருக்கலாம். அவற்றை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

நிலைமை 3: பதினைந்து, இருபது நாளாக நிற்கவே இல்லை

உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் மனுஷியை ஒடித்துப்போடும் நிலைமை இது. வேலைக்குப் போகும் இடத்தில் கழிப்பறை சரியில்லை, வீட்டில் "இன்னுமா நிற்கவில்லை" என்று கேள்வி, சாமி அறைக்குள் போகக் கூடாது என்று தினமும் ஒரு பேச்சு. இதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று மாதம் ஆகவில்லை என்றாலும் தயங்காமல் போய்ச் சொல்லுங்கள்.

மருத்துவர் என்ன செய்வார்? சில நாளைக்கு மெஃபனாமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரை கொடுக்கலாம். அது ரத்தப்போக்கையும் ஓரளவு குறைக்கும். தேவைப்பட்டால் டிரானெக்சாமிக் ஆசிட் கொடுக்கலாம். இந்த இரண்டும் ஒரே மாத்திரையில் கலந்து கிடைக்கிறது. கேட்டால் பல கடைகளில் சீட்டு இல்லாமலே கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள். டிரானெக்சாமிக் ஆசிட் ரத்தம் உறைவதைக் கலைய விடாமல் செய்யும் மருந்து. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையோடு அதைச் சேர்த்தால் ரத்தக்கட்டு வரும் ஆபத்து கூடும். உங்களுக்கு முன்பு ரத்தக்கட்டு வந்திருந்தாலும் அது ஆகாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மெஃபனாமிக் ஆசிட்டும் ஆகாது.

அடினோமயோசிஸ், அதாவது உள்சவ்வு கருப்பைத் தசைக்குள்ளேயே புகுந்து வளர்ந்து கருப்பை பருத்துப்போவது, கூடவே இருந்தால் டைனோஜெஸ்ட்டில் ரத்தம் பலமாகப் போய்விடும் வாய்ப்பு அதிகம். கருப்பைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நார்த்திசுக்கட்டிக்கும் இதே கதைதான். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கருப்பை பருத்திருக்கிறது" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து, அதைச் சுட்டிக்காட்டுங்கள். இந்த நிலையில் சிகிச்சையையே மாற்ற வேண்டி வரலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் போனால் ஹீமோகுளோபின் பார்ப்பது கட்டாயம். 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. முடிந்தால் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச்சத்தின் சேமிப்பு காலியாகியிருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை நான் மூன்று மாதமாக மாத்திரையின் மீதே போட்டுக்கொண்டிருந்தேன். காரணம் இரும்புச்சத்துதான். இரும்பு மாத்திரையைக் காப்பி, டீயோடு சாப்பிடாதீர்கள். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

நிலைமை 4: ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடும்போது

அட்டையில் எத்தனை மாத்திரை என்று முதலில் பாருங்கள். அரசு கொடுக்கும் மாலா-என் போன்றவற்றில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்பு மாத்திரை. அந்த ஏழு நாளில் ரத்தம் வருவது எதிர்பார்த்ததுதான். எண்டோமெட்ரியோசிஸுக்கு இடைவெளியே விடாமல் சாப்பிடச் சொல்லியிருந்தால், அந்த ஏழையும் விட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்லாததால் இரும்பு மாத்திரையையும் சாப்பிட்டுவிட்டு, "நிற்கவே இல்லையே" என்று தவித்தவர்கள் உண்டு.

இடைவெளி விடாமல் சாப்பிட்டும் நடுவில் கசிகிறது என்றால் மருத்துவர் ஒரு சின்ன இடைவெளி கொடுக்கலாம்: மூன்று நான்கு நாள் நிறுத்தி, ரத்தம் போக விட்டு, மறுபடி தொடர்வது. தொடர்ந்து 21 நாளாவது சாப்பிட்ட பிறகுதான் இதைச் செய்யலாம். மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. டைனோஜெஸ்ட் மட்டும் சாப்பிடுபவர்கள் இதைப் பார்த்துத் தாங்களும் இடைவெளி விட வேண்டாம். நான் செய்தது அதைத்தான்.

நிலைமை 5: ஊசி போட்ட பிறகு

சினைப்பையின் ஹார்மோன் சுரப்பை அடக்கிவைக்கும் லியூப்ரோலைட் போன்ற ஊசி போட்டால் முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோன் குறைவதற்குப் பதில் கூடும். அப்புறம்தான் அடங்கும். அதனால் முதல் மாதம் ஒரு முறை நன்றாகவே ரத்தம் வரலாம், வலியும் கூடலாம். இரண்டாவது மாதத்துக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். நின்ற பிறகு மறுபடி வந்தால் ஊசி போட்ட தேதியைப் பாருங்கள்: 3.75 மில்லிகிராம் மாதம் ஒரு முறை, 11.25 மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நாள் தள்ளிப்போனால் சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ளும். எலும்பு தேயாமல் இருக்கவும் உடம்புச் சூட்டைக் குறைக்கவும் கூடவே கொஞ்சம் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தால், அதைத் தவற விட்டாலும் கசியும்.

மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் ஊசி வேறு. அரசு மருத்துவமனைகளில் "அந்தரா" என்ற பெயரில் கருத்தடைக்குப் போடுவதும் இந்த மருந்துதான். இதில் முதல் சில மாதங்கள் ஒழுங்கில்லாமல் படும், ஊசி கூடக் கூட நிற்கும். ஒரு சங்கடம் என்னவென்றால், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. கசிவு தொல்லை தந்தால் மூன்று மாதம் காத்திருக்கத்தான் வேண்டும். இதைப் போடுமுன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

நிலைமை 6: கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் வைத்த பிறகு

மூன்று முதல் ஆறு மாதம் வரை லேசாகப் படும். பிறகு குறையும். நன்றாக நின்றிருந்த ஒருவருக்குத் திடீரென்று பழையபடி பலமாகப் போனால், சாதனம் நகர்ந்துவிட்டதா, வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்தால் நூல் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை, அல்லது வழக்கத்தைவிட நீளமாக இருக்கிறது என்றால் ஸ்கேன்.

நிலைமை 7: உறவுக்குப் பிறகு மட்டும் ரத்தம், அல்லது வயது 45ஐத் தாண்டிவிட்டது

இந்த இரண்டையும் ஹார்மோன் மீது போட்டுவிட்டு இருக்காதீர்கள். உறவுக்குப் பிறகு படுவது கருப்பை வாயில் புண், தொற்று, பாலிப், அரிதாகப் புற்றுநோய் ஆகியவற்றால் வரலாம். கண்ணால் பார்த்து, கருப்பை வாய்ச் சோதனையும் செய்தால்தான் தெரியும். 45க்கு மேல் ஒழுங்கில்லாத ரத்தம் என்றால் உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். சில நிமிட வேலை, சுருக்கென்று வலிக்கும், தள்ளிப்போடாதீர்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனவர்களுக்கு ஒரு சொட்டு பட்டாலும் காட்ட வேண்டும்.

நிலைமை 8: எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை

டாய்லெட்டில் சிவப்பாகத் தெரிகிறது, நாப்கினில் ஒன்றும் இல்லை. அப்படியானால் சிறுநீரிலா மலத்திலா என்று பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெள்ளைப் பஞ்சால் துடைத்தால் தெரிந்துவிடும். எண்டோமெட்ரியோசிஸ் குடலையும் சிறுநீர்ப்பையையும் பிடிக்கும். மலத்தில் ரத்தம் என்றதும் மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து போட்டவர்கள் இருக்கிறார்கள். மூலமாகவே இருக்கலாம், ஆனால் உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

நிலைமை 9: திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிட்ட பிறகு

நோரெதிஸ்டிரோன் மாத்திரையைக் கடையில் வாங்கி, டைனோஜெஸ்ட்டோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, நிறுத்தியதும் ரத்தம் கொட்டுகிறது என்று வருவார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து. ஒன்றை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உடம்பு அந்த இறக்கத்தை ரத்தமாகக் காட்டும். முக்கியமான நாள் வருகிறது, நடுவில் கசிவும் இருக்கிறது என்றால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே மருத்துவரிடம் கேளுங்கள். குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது

கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது நான்கைந்து நிமிடம். ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மருந்தின் பெயரும் அளவும், ஆரம்பித்த தேதி, தவறிய நாட்கள், எத்தனை நாளாக ரத்தம், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், வலி இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை, கடைசி ஸ்கேன் எப்போது, குழந்தைத் திட்டம் உண்டா. காலியான மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். பெயர் மறந்தாலும் அட்டை சொல்லும். காலண்டர் தாளை மேலே வையுங்கள். நான் போகும்போது அந்தத் தாளில் பால் கணக்கும் சேர்ந்தே இருந்தது. மருத்துவர் பெருக்கல் குறியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார். "அன்னிக்குப் பால் வரலைங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கீழ் மூலையில் இருந்த புள்ளிகளை விரலால் எண்ண ஆரம்பித்தார்.